அடைமழைக்கு முன்னாடியே ஏணி போட்டுப் பாத்திருக்கணும்

ஐப்பசி கடைசி, ராத்திரி ரெண்டரை மணி இருக்கும். ரெண்டாங்கட்டுல, அதாவது வீட்டோட ரெண்டாம் பகுதியில, படுத்திருந்தேன், கால்மாட்டுல என்னமோ ஈரமா இருக்கேன்னு எழுந்திரிச்சு சுவிட்சைத் தட்டினா கரண்ட் இல்ல. செல்போன் லைட்டை மேல அடிச்சுப் பாத்தா மரப்பலகை இடுக்குல தண்ணி வரிசையா முத்து முத்தா நிக்குது, ஒண்ணோட ஒண்ணு சேருது, விழுது. மெத்தை பாதி நனைஞ்சாச்சு. எங்க ஊரு வீடுகள்ல எதுக்குப் பஞ்சம் வந்தாலும் பாத்திரத்துக்குப் பஞ்சம் வராது, மாமியாருக்கு சீரா வந்த அண்டா, குத்துப்போணி, இட்லிக் கொப்பரைன்னு ஒவ்வொண்ணா இழுத்துட்டு வந்து வச்சேன், விடியும்போது எண்ணிப் பாத்தா பதினேழு பாத்திரம். அவ்வளவு பெரிய வீட்டுல நான் ஒருத்தி, பதினேழு பாத்திரத்துலயும் சொட்டுற சத்தம் வேற வேற சுருதியில. அழுகை வந்துச்சு, அழுதேன், அழுதுக்கிட்டே நிறைஞ்ச வாளியைத் தூக்கி வளவு வாசல்ல, வீட்டு நடுவுல இருக்குற திறந்த முற்றத்துல, ஊத்தினேன்.

காரைக்குடி பக்கத்துல ஒரு ஊரு, பேரு வேணாம். வீட்டுக்காரர் மலேசியாவுல இருக்காக, பையன் கோயம்புத்தூர்ல ஹாஸ்டல். சென்னையில வாடகை குடுத்து தனியா இருக்கறதுக்கு பூட்டிக் கெடக்குற சொந்த வீட்டுல இருந்தா வீடும் பொழைக்கும், நாமளும் பொழைப்போம்னு ஒரு நினைப்புல வைகாசியில சாமான் செட்டோட வந்து இறங்கினேன். வந்ததும் தரையில பதிச்ச ஆத்தங்குடி கல்லைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சேன், தூண்களைத் துடைச்சேன், முகப்புல கோலம் போட்டு போட்டோ எடுத்து குரூப்புல போட்டேன். 2014ல எங்க செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களோட உத்தேசப் பட்டியல்ல சேர்த்தாகல்ல, அதுலேர்ந்து வாசல்ல நின்னு போட்டோ எடுக்க ஆளுக வந்துக்கிட்டே இருக்காக, அவுக எல்லாம் ஆகா ஓகோன்னு சொல்ல எனக்கும் தலை கால் புரியல. உள்ளதான் துடைச்சுக்கிட்டு இருந்தேனே தவிர வெளியில போயி வீட்டைச் சுத்தி ஒரு தடவை அண்ணாந்து பாக்கல. அந்த ஒரு தப்புக்கு எனக்கு ஆன செலவு, தண்டமா போனது மட்டும், ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம். நாசமாப் போன மெத்தை, ரெண்டு பட்டுப்புடவை, மாமனாரோட பழைய கணக்கு நோட்டுக எல்லாம் தனி.

மொத மழைக்கு அப்புறம் நான் செஞ்சது என்னன்னா, பதறிப்போயி விசாரிச்சு, வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் அடிக்கிற ஒரு பார்ட்டியைக் கூப்பிட்டேன். வந்தாரு, மொட்டை மாடியில நடந்தாரு, தரையில பதிச்ச தட்டோடு எல்லாம் உளுத்துப் போச்சுங்க, முழுசா மூணு கோட் அடிச்சாத்தான் ஆகும்னு சொல்லி 85,000 ரூபா பில்லு. மழைக்கு நடுவுல ரெண்டு நாள் வெயில் அடிச்சப்போ அவசர அவசரமா அடிச்சுட்டுப் போனாரு. அடுத்த மழைக்கு அதே இடத்துல அதே சொட்டு. போன் பண்ணினா எடுக்கல. பங்குனி வெயிலுக்கு அந்தக் கோட்டிங் அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமா எழும்பிருச்சு, கையால உரிச்சா பாம்புச் சட்டை மாதிரி உரியுது, அடியில தட்டோடு ஈரமா இருக்கு. இப்போ எனக்குப் புரியுது, ஈரத்தோட இருக்குற தரை மேல அடிச்சா அந்த ஈரம் வெளியேற வழியில்லாம சூட்டுல மேல தள்ளும். எங்க மொட்டை மாடி செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளிச்சு, கட்டையால நாள்கணக்கா அடிச்சு இறுக்கி, அதுக்கு மேல தட்டோடு பதிச்சது, அது உறிஞ்சும், அப்புறம் காயும், காய விடணும். இதுல கொடுமை என்னன்னா ஒழுகினதே மொட்டை மாடியில இருந்து இல்ல.

அதைக் கண்டுபுடிச்சது ஒரு வயசான கொத்தனார், பக்கத்து ஊர் கோயில் திருப்பணியில வேலை பாத்தவர், பேரன் பைக்குல உக்காந்து வந்தாரு. வந்ததும் உள்ள வரலை. "எங்கே ஒழுகுதுன்னு அப்புறம் காட்டுங்க ஆச்சி, மொதல்ல ஏணி இருக்கா"ன்னாரு. வெயில்ல வீட்டை ரெண்டு சுத்து சுத்தினாரு, அப்புறம் மேல ஏறினாரு, ஓட்டு மேல நேரா கால் வைக்கல, ஒரு மூங்கில் ஏணியைக் கூரை மேல படுக்கப் போட்டு அது மேல நடந்தாரு. நாட்டு ஓடு மேல நேரா மிதிச்சா பத்துல மூணு உடையும், கேபிள்காரன், டேங்க் கழுவுறவன், ஏன் போட்டோ எடுக்குறேன்னு ஏறுறவன் உட்பட எல்லாரும் உடைக்கிறது அப்படித்தான், இதை எழுதி ஒட்டி வைங்க வீட்டுல. மேல இருந்து அவரு கூப்பிட்டு எனக்குக் காமிச்சது இதுதான். முகப்பு மொட்டை மாடியோட சுவர்ல ரெண்டாங்கட்டுச் சாய்ப்புக் கூரை வந்து முட்டுற இடம், அந்தப் பொருத்து நெடுக 2018 கஜா புயலுக்கு அப்புறம் யாரோ சிமெண்ட்டை அப்பி விட்டிருக்காக. நவம்பர் 16 விடியக்காலம் வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, புதுக்கோட்டைப் பக்கத்தை எல்லாம் புரட்டிப் போட்டுட்டு எங்க பக்கமும் வந்துட்டுப் போன காத்து. அப்போ பங்காளிக எல்லாம் சேந்து காசு போட்டு அவசரத்துக்கு ஆளை விட்டு ஓட்டை அடுக்கியிருக்காக. சிமெண்ட்டு கல்லு மாதிரி இறுகும், ஓடும் மரமும் வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும், அதனால ரெண்டு மூணு வருஷத்துல அந்தப் பொருத்துல தலைமுடி கனத்துக்கு விரிசல். என் சுண்டுவிரல் நகம்கூட நுழையல. அந்த விரிசல்ல இறங்கின தண்ணி பலகை மேலயே ஓடி, பன்னெண்டு அடி தள்ளி என் கால்மாட்டுல சொட்டியிருக்கு. நான் 85,000 ரூபாய்க்குப் பூசினது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்.

அதனால ஓட்டு வீடு வச்சிருக்கவுக தயவுசெஞ்சு சொட்டுற இடத்துக்கு நேர் மேல போயி காசைக் கொட்டாதீக. நாட்டு ஓடு ஒரு வரிசை மல்லாந்து, அதுக்கு மேல ஒரு வரிசை கவுந்து, அப்படியே அடுக்கு அடுக்கா இருக்கும், ஒரு ஓடு நகர்ந்தாலும் தண்ணி உடனே கீழ விழாது, சாய்மானத்துல ஓடி எங்கயோ போயி இறங்கும். நாங்க கண்டுபுடிச்ச முறை ரொம்ப சிம்பிள். உச்சி வெயில்ல கதவு சன்னல் எல்லாம் சாத்திட்டு மச்சுல ஏறி இருட்டுல அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க, ஓடு நகர்ந்த இடம் எல்லாம் ஊசி ஊசியா வெளிச்சம் தெரியும், தெரியுற இடத்துல சாக்பீஸால வட்டம் போடுங்க, எனக்கு நாப்பத்து மூணு வட்டம் வந்துச்சு. பொருத்துல வர்ற ஒழுக்கு வெளிச்சத்துல தெரியாது, அதுக்கு தண்ணிக் குழாயைப் பிடிக்கணும். ஒருத்தர் மேல, ஒருத்தர் உள்ள. கூரையோட கீழ் ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு, ஒவ்வொரு இடத்துலயும் பத்து நிமிஷம் தண்ணி விட்டு, கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறணும். எடுத்த எடுப்புலயே முகட்டுல ஊத்தினா எல்லாப் பக்கமும் ஒண்ணா நனைஞ்சு ஒண்ணும் புரியாது, நான் அப்படி ஊத்தி ஒரு டேங்க் தண்ணியை வீணாக்கி இருக்கேன். இன்னொண்ணு, ஆவணி புரட்டாசியில சாயங்காலம் இடி இடிச்சு ஒரு மணி நேரம் கொட்டிட்டுப் போகும் பாருங்க, அது நமக்கு ஓசியில கெடைக்கிற பரீட்சை. அப்போ டிவி பாக்காம டார்ச்சை எடுத்துக்கிட்டு வீட்டைச் சுத்துங்க. அக்டோபர் மூணாவது வாரத்துல வடகிழக்குப் பருவமழை உக்காந்துருச்சுன்னா அப்புறம் ஓடு பிரிக்க ஆளும் வரமாட்டாக, வந்தாலும் பிரிச்சுப் போட்ட கூரையில மழை பெஞ்சா நீங்க அவ்வளவுதான். நான் அந்த வருஷம் தார்ப்பாய் வாங்கி, அதைக் கட்ட ஆள் கூலி, காத்துல கிழிஞ்சு திரும்ப வாங்கினதுன்னு 14,000 செலவு பண்ணினேன்.

ஓட்டை யாரு நகர்த்துறாங்கறீங்க? ஆடிக் காத்துன்னு நினைச்சேன், காத்தும்தான், ஆனா பெரிய குற்றவாளி மயிலும் குரங்கும். மயிலு பாக்க அழகு, முகட்டுல வந்து தொப்புன்னு இறங்கி நடந்துச்சுன்னா ஓடு சரியுற சத்தம் உள்ள கேக்கும். குரங்கு ஓட்டை ஒவ்வொண்ணா தூக்கி அடியில பூச்சி இருக்கான்னு பாக்குது, பாத்துட்டு திருப்பி வைக்கிற பழக்கம் அதுக்கு இல்ல. கூரைக்கு மேல தாழ்ந்து கெடந்த வேப்பங்கிளையை வெட்டினப்புறம் குரங்கு வரத்து பாதியாக் கொறைஞ்சது, இலை விழறதும் கொறைஞ்சது. அந்த இலைதான் அடுத்த வில்லன். வளவு வாசலைச் சுத்தி தாழ்வாரத்து ஓரத்துல மழைத்தண்ணியை வாங்குற தகரத் தூம்பு ஓடுதுல்ல, அதை நான் அந்த வருஷம் தொடவே இல்ல. மழைக்கு அப்புறம் ஆளை விட்டு அள்ளினா மக்குன வேப்பிலை, புறா எச்சம், ரெண்டு டென்னிஸ் பந்து, ஒரு குழந்தைச் செருப்பு. அடைச்சுக்கிட்ட தூம்புல இருந்து தண்ணி பின்னாடி வழிஞ்சு, கூரையைத் தாங்குற கைமரத்தோட நுனியை ஊற வச்சிருக்கு. கைமரம் பர்மா தேக்கு, அது தாங்கிருச்சு. ஆனா ஓட்டுக்கு அடியில நடுவுல யாரோ மாத்தின ரீப்பர் சட்டம் எல்லாம் நாட்டு மரம், கட்டை விரலால அமுக்கினா ஊறப்போட்ட ரஸ்க் மாதிரி உள்ள போகுது, உள்ள கரையான். மரத்தைக் கண்ணால பாத்து ஏமாறாதீக, ஒரு ஸ்க்ரூடிரைவரை வச்சு குத்திப் பாருங்க. தூம்பை ரெண்டு தடவை அள்ளணும், ஆடிக்காத்து ஓஞ்சதும் ஒரு தடவை, புரட்டாசி கடைசியில ஒரு தடவை. மொட்டை மாடித் தண்ணி இறங்குற ஓட்டையில ஒரு கம்பி வலையைச் சுருட்டி வைங்க, முப்பது ரூபா சமாச்சாரம். கைப்பிடிச்சுவர்ல முகப்பு கஜலட்சுமி சுதைக்குப் பின்னாடி ஒரு அரசங்கன்னு முளைச்சிருந்துச்சு, சாமி மரமாச்சேன்னு நான் பாட்டுக்கு விட்டுட்டேன், அதோட வேரு சுவருக்குள்ள ஒரு முழம் போயிருந்துச்சு. நாலு இலையா இருக்கும்போதே வேரோட பிடுங்கிருங்க, வெறுமனே வெட்டினா ரெண்டு மடங்கா துளிர்க்குது.

சுவர் கதை இதைவிடக் கேவலம். எங்க வீட்டு வெளிச்சுவர்ல கீழ ரெண்டு அடி உயரத்துக்கு பழைய சுண்ணாம்புப் பூச்சு உப்பி வயிறு தள்ளி நின்னுச்சு. விரல் முட்டியால தட்டினா நல்ல இடத்துல டக்குன்னு கேக்கும், உப்பின இடத்துல டொக்குன்னு பானையைத் தட்டின மாதிரி கேக்கும். உடனே ஒரு மேஸ்திரி, சிமெண்ட் பூச்சு போட்டா நூறு வருஷம் நிக்கும்னாரு, 32,000 குடுத்து போட்டேன், மேல எமல்ஷன் பெயின்டும் அடிச்சேன். ஒரே ஒரு மழைக்காலம். சுவருக்குள்ள ஏறின ஈரம் வெளிய வர முடியாம, சிமெண்ட்டு நின்ன இடத்துக்கு ஒரு அடி மேல போயி, நல்லா இருந்த பழைய பூச்சைத் தள்ளிருச்சு, உப்பு பூத்து வெள்ளையா கொட்டுது. அந்தக் காலத்துல முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்து கண்ணாடி மாதிரி தேய்ச்ச பூச்சு, கையை வச்சா சில்லுன்னு இருக்கும், மாமியார் அதுல சாஞ்சுக்கிட்டுத்தான் மத்தியானம் பாக்கு இடிப்பாக. அந்த எடம் இப்ப பட்டையா ஒரு முழம் காணாம போச்சு. அதைப் பாக்குறப்ப எல்லாம் காசு போனதைவிட அதுதான் வலிக்குது. சுண்ணாம்புச் சுவருக்கு சுண்ணாம்புதான் பூசணும், அது மெதுவா இறுகும், மழைக்கு முன்னாடி காயுறதுக்கு நாள் வேணும், அதனால சித்திரை வைகாசியிலயே ஆரம்பிச்சுருங்க. புரட்டாசியில வந்து பத்தே நாள்ல முடிச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னா, காப்பி குடுத்து அனுப்பிருங்க.

கரண்டைப் பத்தி ஒரு வார்த்தை. மெயின் போர்டு முகப்புப் பக்கச் சுவர்ல, அந்தச் சுவரு ஊறி இருந்தப்போ சன்னல் கம்பியைப் பிடிச்சேன், சுர்ருன்னு முழங்கை வரைக்கும் ஏறிருச்சு. தூக்கி எறியலை, அது என் அதிர்ஷ்டம். கத்தினா கேக்க ஆளில்லாத வீடு. மறுநாளே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பண்ணி, கசிவு வந்தா தானா ட்ரிப் ஆகுற ப்ரேக்கர் போட்டேன், ஆள் கூலியோட நாலாயிரத்துச் சொச்சம். வேற எதை வேணாலும் தள்ளிப் போடுங்க, இதைத் தள்ளிப் போடாதீக.

அப்புறம் தண்ணி வெளிய போற வழி. வளவு வாசல் மூலையில இருக்குற சலதாரை வழியாத்தான் மழைத்தண்ணி தெருவுக்குப் போயி, அங்கிருந்து வாய்க்கால் புடிச்சு ஊருணிக்குப் போகும், அப்படித்தான் இந்த ஊரையே அமைச்சிருக்காக. ஆனா ரோட்டுக்கு மேலயே ரோடு போட்டு போட்டு, எங்க சலதாரை வாய் இப்போ ரோட்டு மட்டத்துக்கு நாலு விரக்கடை கீழ. நம்ம தண்ணி வெளிய போறதுக்குப் பதிலா தெருத் தண்ணி நம்ம வாசலுக்கு வந்துச்சு, கூடவே ஒரு தேளும் ரெண்டு பூரானும். உங்க வீட்டுல இப்படி இருக்கான்னு பாக்க ஒரு வாளித் தண்ணி போதும், வாசல்ல ஊத்திட்டு தெருவுல போயி நின்னு எப்படி வெளிய வருதுன்னு பாருங்க. எங்களுக்கு வரவே இல்ல, உள்ள பாதி தூரம் மண்ணு. நான் தெருப்பக்க வாயை அடைச்சுட்டு, வாசல் தண்ணியை பின்கட்டு வழியா பைப் போட்டு கொல்லையில கிணத்துக்கிட்ட ஒரு உறிஞ்சுகுழியில விட்டேன், 22,000 ஆச்சு, ஆனா இந்தச் செலவுக்கு நான் வருத்தப்படல, போன சித்திரையில கிணத்துல தண்ணி நின்னுச்சு.

காசு யாரு போட்டாங்கறதையும் சொல்லிடறேன், ஏன்னா பொது வீட்டுல பாதிப் பிரச்சனை அதுதான். அஞ்சு பங்கு. ஒழுகுற வீடியோவை ராத்திரியே குரூப்புல போட்டேன், நாலு கும்பிடு எமோஜி, ஒரு "அய்யோ". பங்குக்கு இவ்வளவுன்னு நான் கேட்டது தை மாசம், வெயில் அடிக்க ஆரம்பிச்சதும் எல்லாருக்கும் மழை மறந்து போச்சு. மறு வருஷம் வேற மாதிரி செஞ்சேன். மழை பெய்யுறப்பவே வீடியோ கால் போட்டு ஒவ்வொருத்தரையும் அண்டாவுக்குப் பக்கத்துல உக்கார வச்சேன், சொல்லப் போனா. முன்னோரைக் கும்பிடுற படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வந்தப்போ கொத்தனாரையும் வரவச்சு, ஏணி போட்டு, பெரிய அண்ணன் ஒருத்தரையே மேல ஏத்தி அந்த விரிசலைத் தொட வச்சேன். எஸ்டிமேட் பேப்பரை அங்கேயே திண்ணையில வச்சுக் கையெழுத்து வாங்கினோம். 1,90,000 ஆச்சு ரெண்டாங்கட்டுக் கூரை முழுக்க பிரிச்சு அடுக்க, பொருத்துக்கு சுண்ணாம்புக் காரை, தூம்பு புதுசு, ரீப்பர் மாத்துறது எல்லாம் சேத்து. நாலு பங்கு வந்துருச்சு, அஞ்சாவது பங்கு இன்னும் "அடுத்த வாரம்".

வேலை நடக்குறப்போ ஓட்டுக் கணக்கை நீங்களே வச்சுக்கங்க. பழைய நாட்டு ஓட்டுக்கும் பழைய மரத்துக்கும் வெளிய நல்ல விலை. எங்க வேலையிலயும் மொத ரெண்டு நாள், உடைஞ்சதுன்னு சொல்லி ஒரு டிராக்டர்ல ஏத்திட்டு இருந்தாக, நான் போயி சாக்கைப் பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல முழு ஓடு. சண்டை போட்டேன், அந்தாளு போயிட்டாரு, நாலு நாள் வேலை நின்னுச்சு, நின்னாலும் பரவாயில்லன்னு இருந்தேன். இறக்குற ஓட்டை நூறு நூறா அடுக்கச் சொல்லுங்க, உடைஞ்சதைத் தனியா உங்க கொல்லையிலயே கொட்டச் சொல்லுங்க, வெளிய எதுவும் போகக் கூடாது. அடுக்கு எத்தனை இருந்துச்சோ அத்தனை அடுக்கு திரும்பப் போடுறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க, அடுக்கைக் கொறைச்சா வீடும் சூடாகும், ஒழுகவும் செய்யும். வீட்டுல ஆம்பளை ஆளு இல்லையா ஆச்சின்னு கேப்பாக. நான் ஏணியைப் பிடிங்கன்னு சொல்லிட்டு ஏறிருவேன்.

போன ஐப்பசியில ரெண்டாங்கட்டுல ஒரு சொட்டு இல்ல. நாலு நாள் விடாத மழையில, பழக்க தோஷத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு மேல லைட் அடிச்சு அடிச்சுப் பாத்தேன். மூணாங்கட்டு அடுப்படிப் பக்கம் மட்டும் இன்னும் பாக்கி, அங்கே இப்பவும் மூணு பாத்திரம் வைக்க வேண்டியிருக்கு. சித்திரையில வர்றேன்னு கொத்தனார் பெரியவர் சொல்லியிருக்காரு, 5,000 அட்வான்ஸ் குடுத்திருக்கேன், எண்ணூறு ஓடு கொல்லையில தார்ப்பாய் போட்டு மூடிக் கெடக்கு, அது மேல மயிலு வந்து உக்காந்திருக்கு.